காரையும் களாவும் இலந்தையும்

காரைக்குடி என்னும் பெயரைக் கேட்டவுடன் வானளாவிய மாளிகைகளும், கடல் கடந்த வணிகமும், கல்வி நிலையங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வூருக்குப் பெயர் தந்தது ஒரு முட்செடி. காரைச் செடிகள் அடர்ந்து கிடந்த காட்டைத் திருத்திக் குடியேறிய காரணத்தால் அப்பெயர் ஏற்பட்டது என்பது இவ்வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகளால் வந்த பெயர் என்று கூறுவோரும் உளர். காரை பூசிய வீடுகள் எழுவதற்கு முன்னரே ஊர் இருந்திருக்க வேண்டும். ஆதலின் முதற்கருத்தையே நாம் ஏற்கின்றோம்.

காரை ஒரு புதர். ஆள் உயரத்தை ஒட்டி வளரும். கணுவுக்குக் கணு இணை இணையாக நேரான முட்கள். பழுத்தால் மஞ்சள் நிறம். இனிப்பும் சிறு துவர்ப்பும் கலந்த சதை. உள்ளே இரண்டு விதைகள். ஆடு மேய்க்கும் சிறுவர்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் பறித்துத் தின்ற பழம் இது. தாவர நூலார் இதனைக் காப்பிச் செடியின் குடும்பத்தில் சேர்க்கின்றனர். யமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்னும் பெரியார் என்பது பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிய மரபுச் செய்தி. அம்மலைச் செடிக்கு உலகெங்கும் உபசாரம். அதன் உறவான நம் காரைக்கோ, அதன் பெயரைத் தாங்கிய ஊரிலேயே இடமில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் காரைப்பழம் தின்றதுண்டா என்று நாம் கேட்டபொழுது, ஓரிருவரே கை தூக்கினர். அவர்களும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள்.

செட்டிநாட்டு மண் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும், அடியில் செம்புறாங்கல்லும் கொண்டது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு ஊருணியும் கிணறுமே துணை. இத்தகைய நிலத்தில் நீர் கேட்காமல், உரம் கேட்காமல், காவல் கேட்காமல் கனி தந்தவை புதர்ச்செடிகளே. காரை, களா, சூரை, இலந்தை ஆகியவை இவ்வரிசையில் வருவன. கண்மாய்க் கரைகளில் நாவல் நின்றது.

இதே மாவட்டத்தின் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்பர். உழவர் உழாமலே அம்மலை நான்கு விளைபொருள்களைத் தரும் என்று கபிலர் கூறுகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். அம்மலையின் உச்சியில் இன்று ஷைகு அப்துல்லாஹ் வலியுல்லாஹ் அவர்களின் தர்கா உள்ளது. முல்லைக்குத் தேர் ஈந்தவனின் மலையில் எல்லாச் சமயத்தாரும் ஏறி வருகின்றனர். சங்க காலத்தார் புதர்க் கனிகளை இழிவாக எண்ணவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பதிற்றுப்பத்தில் நான்காம் பத்தின் தலைவனாகிய சேர மன்னனுக்குக் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்பது பெயர். களாக்காயால் தொடுத்த கண்ணியும் நாரால் செய்த முடியும் அணிந்து ஓர் அரசன் வீற்றிருந்தான்! இலந்தையை அக்காலத்தார் இரத்தி என்றனர். ஊர் மன்றத்தில் இரத்தி மரம் நெடிது நின்றதைப் புறநானூறு காட்டுகிறது.

இலந்தை என்றதும் நம் உள்ளம் வேறொரு திசைக்கும் செல்கிறது. திருமறையில் வரும் ஸித்ர் என்னும் சொல்லைத் தமிழில் பெயர்த்தோர் இலந்தை என்றே பெயர்த்துள்ளனர். அந்நஜ்ம் அத்தியாயத்தில் வரும் ஸித்ரத்துல் முன்தஹா, வானுலகின் எல்லையில் நிற்கும் இலந்தை. அல்வாகிஆ அத்தியாயத்திலோ சுவனத்து இலந்தை முள் நீக்கப்பட்டது என்று வருகிறது. மக்ளூத் என்பது அங்குள்ள சொல். ஸபா அத்தியாயத்தில் இதற்கு நேர்மாறான காட்சி. யமனில் இரு புறமும் தோட்டங்கள் செழித்திருந்த ஒரு நாடு. மஃரிப் அணை உடைந்தது, வெள்ளம் வந்தது. அதன் பின்னர் அங்கு எஞ்சியவை கசப்புக் காய்களும், சவுக்கையொத்த அஃதல் மரங்களும், சிறிதளவு இலந்தையும்தாம். ஆக, ஒரே மரம் சுவனத்தின் அருட்கொடையாகவும் வருகிறது. அழிந்த தோட்டத்தின் மிச்சமாகவும் வருகிறது. முள்ளோடு கிடந்தால் அது பாழ்நிலத்தின் அடையாளம். முள் நீங்கிக் கனி பெருத்தால் அருள். அரபு நாட்டு ஸித்ரும் நம் நாட்டு இலந்தையும் ஒரே இனத்தின் இரு வகைகள் எனத் தாவர நூலார் பிரித்துரைப்பர். ஒரே குலத்தைச் சேர்ந்தவை ஆதலின் மொழிபெயர்ப்பாளர்கள் தவறிழைக்கவில்லை. சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழகத்து மருத நிலமாகவே பாடிக் குளிரச் செய்தார். இலந்தையைப் பொறுத்தவரை அத்தகைய கற்பனைக்குத் தேவையே எழவில்லை. மரம் இரு நாட்டிலும் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

முள்ளை நீக்குவது, கனியைப் பெருக்குவது, நல்ல மரம் ஒன்றைப் பல மரமாக்குவது ஆகிய கலையைப் பற்றியே நாம் இங்கு விரித்துரைக்க விழைகின்றோம்.

மறுமை நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு கன்று இருந்தால், நட முடியுமாயின் நட்டுவிடவேண்டும் என்ற நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்னத் அஹ்மதிலும் இமாம் புகாரீ அவர்களின் அதபுல் முஃப்ரதிலும் அது பதிவாகியுள்ளது. மேடைகளில் பலமுறை கேட்ட செய்திதான். ஆனால் கன்று என்று நாம் பெயர்க்கும் சொல் அரபியில் ஃபஸீலா என்பதைக் கவனிப்போர் சிலரே. ஃபஸீலா விதையிலிருந்து முளைத்த செடியன்று. தாய்ப் பேரீச்சையின் அடியில் தோன்றி, அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பக்கக்கன்று. பிரித்தல் என்னும் பொருளுள்ள வேர்ச்சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பேரீச்சையின் கொட்டையை ஊன்றினால் முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண் மரமாகிவிடும், காய்க்காது. காய்ப்பவையும் தாயின் சுவையை அப்படியே தருவதில்லை. பக்கக்கன்றோ தாயின் மறுபிறவி. மதீனத்து உழவர்கள் இதனை நன்கறிந்திருந்தார்கள்.

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்களின் விடுதலை வரலாறும் இக்கலையோடு தொடர்புடையதே. அடிமைத்தளையிலிருந்து விடுபட அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது முந்நூறு பேரீச்சங் கன்றுகளும் நாற்பது ஊக்கியாப் பொன்னும். தோழர்கள் ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பத்து என இயன்றவாறு கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். குழிகளை ஸல்மான் (ரலி) அவர்கள் தோண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒரு மனிதனின் விடுதலை விலையாகக் கன்றுகள் எண்ணப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது. ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் பத்துக் கன்று எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தாய்மரங்கள் இருந்தன என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

பேரீச்சையின் ஆண் பூவைப் பெண் பாளையில் வைத்துக் கட்டும் வழக்கத்தைப் பற்றிய நபிமொழியும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மதீனத்தார் அதனைக் கைவிட்ட ஆண்டில் விளைச்சல் குறைந்தது. உலகத் தொழில்களைப் பற்றி நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) அவர்கள் அப்போது உரைத்தார்கள். தோட்டக்காரன் கைப்பட அறிந்த அறிவுக்கு இதைக் காட்டிலும் உயர்ந்த அங்கீகாரம் வேறென்ன இருக்க முடியும்?

அவ்வறிவை நூலாக்கும் பணி பிற்காலத்தில் நடந்தது. ஈராக்கில் இப்னு வஹ்ஷிய்யா, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், அதாவது கி.பி. 904ஐ ஒட்டி, நபதிய வேளாண்மை என்ற பெருநூலைச் சிரியாக் மொழியிலிருந்து அரபியில் ஆக்கினார். அதன் பின்னர் இக்கலை செழித்த இடம் அந்தலுஸ் என்னும் ஸ்பெயின். அங்கு உமய்யா ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் (ஆட்சி 756-788) குர்துபாவுக்கு வெளியே ருஸாஃபா என்ற தோட்டம் அமைத்தார். சிரியாவிலிருந்து அவருக்கு வந்த மாதுளம் பழங்களில் சிலவற்றை ஸஃபர் இப்னு உபைத் என்பவர் பெற்றுத் தம் ஊருக்குக் கொண்டுசென்றார். விதைத்து, வளர்த்து, காய்த்ததும் பழத்தை அமீரிடம் கொண்டுவந்து காட்டினார். சிரியாவின் பழத்துக்கு அது சற்றும் குறைவில்லை. அமீர் மகிழ்ந்து அதனைத் தம் தோட்டத்திலும் நடச் செய்தார். அவ்வகைக்கு ஸஃபரீ என்று பெயர் நிலைத்தது. இச்செய்தியை மக்கரீ தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். அரசர்களின் பெயரைத் தாங்கிய நகரங்கள் பல பெயர் மாறின. ஒரு தோட்டப்பிரியரின் பெயர் பழத்தோடு ஒட்டி நூற்றாண்டுகள் வாழ்ந்தது.

பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் இப்னு பஸ்ஸால் வாழ்ந்தார். அரசர் மஃமூனின் தோட்டத்தைப் பேணியவர். ஹஜ்ஜை நிறைவேற்றி வரும் வழியில் பல நாட்டு வேளாண்மையைக் கண்டறிந்தவர். 1085இல் துலைத்துலா வீழ்ந்தபின் இஷ்பீலியா சென்று அங்கும் தோட்டம் அமைத்தார். அவர் நூலின் சிறப்பு, முன்னோர் சொன்னார் என்று எதையும் அடுக்காமல், தம் கையால் செய்து கண்டவற்றையே எழுதியது. நூறாண்டுக்குப்பின் அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் தொகுத்த கிதாபுல் ஃபிலாஹா அளவில் மிகப் பெரியது. 585 தாவரங்களையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கனிமரங்களையும் அது விவரிக்கிறது. 1802இல் மத்ரீத் நகரில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அது அச்சேறியது. ஆனால் அவர் கேட்டதையெல்லாம் சேர்த்துவிடும் இயல்பினர். நடக்க இயலாத விந்தை ஒட்டுகளும் அதில் இடம் பெற்றுள்ளன. படிக்கச் சுவையானவர் இப்னுல் அவ்வாம். நம்பிக் கத்தியை எடுக்கத்தக்கவர் இப்னு பஸ்ஸால் என்பது நம் கணிப்பு.

இந்நூல்களின் கலைச்சொற்கள் நம் தமிழ்ச்சொற்களோடு அழகாகப் பொருந்துகின்றன. ஒட்டுக்கட்டுவது தர்கீப், ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுதல் என்று பொருள். கிளையை மண்ணில் அழுத்திப் பதியம் போடுவது தக்பீஸ். அழுத்துதல் என்று பொருள். போத்து நடுவது வதத். முளைக்கம்பு என்று பொருள். பிற்கால அரபியில் ஒட்டுக்கட்டுதலைத் தத்யீம் என்பர். உணவூட்டுதல் என்பது அதன் நேர்ப்பொருள். வேர்ச்செடி கீழிருந்து ஊட்ட, மேலே ஒட்டிய கிளை உண்டு வளர்கிறது அல்லவா?

எந்த மரம் எதன்மேல் ஒட்டும் என்பதற்கு அவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். மரங்களை எண்ணெய் உடையவை, பிசின் உடையவை, பால் உடையவை, நீர் உடையவை என நான்காகப் பிரித்து, அந்தந்த வகுப்புக்குள் ஒட்டினால் பிடிக்கும் என்றனர். முழுமையான விதியன்று. அத்திக்கும் பால் உண்டு, களாவுக்கும் பால் உண்டு. எனினும் ஒன்றின்மேல் மற்றொன்று ஒட்டாது. இன்றைய தாவர நூல் பூவின் அமைப்பைக் கொண்டு குடும்பம் பிரித்து, ஒரே குடும்பத்தில் நெருங்கிய உறவினவே ஒட்டும் என்று காட்டுகிறது. ஆயினும் உள்ளே ஓடும் சாற்றைக் கொண்டு உறவை அறிய முயன்ற அவர்களின் நோக்கு வியக்கத்தக்கதே.

இந்தியத் துணைக்கண்டத்தில் இக்கலை முன்பே இருந்தது. முகலாயர் அதற்கு அரச ஆதரவு சேர்த்தனர். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்நாட்டுக் கனிகளை ஒவ்வொன்றாகச் சுவைத்து மதிப்பிடுகிறார். நம் களாவும் அங்கே உண்டு! புதரில் விளைவது, சுவை தம் நாட்டு ரேவற்சீனியின் தண்டை ஒத்தது என்கிறார். நாவலைக் கருந்திராட்சைக்கு ஒப்பிட்டு, அத்துணை நல்ல பழமன்று என்று தள்ளிவிடுகிறார். நாவற்பழம் மழைக்குப் பின் தின்னப்பட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். அந்நூலை 1589இல் பாரசீகத்தில் பெயர்த்தவர் அப்துர் ரஹீம் கான்கானான். ஜஹாங்கீர் தம் குறிப்புகளில், காஷ்மீரில் முன்பு செர்ரிப் பழம் இருந்ததில்லை என்றும், அக்பர் காலத்தில் முகம்மது குலீ அஃப்ஷார் என்பவர் காபூலிலிருந்து கொணர்ந்து ஒட்டுக்கட்டிப் பரப்பினார் என்றும் எழுதுகிறார். தர்பங்காவுக்கு அருகே அக்பர் இலட்சம் மாமரங்கள் நடச் செய்த லாக்கீ பாக் பற்றிய செய்தியும் புகழ்பெற்றது. மாம்பழங்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இமாம் பசந்த், ஜஹாங்கீர், நவாபுகளின் ஊர்ப்பெயரைத் தாங்கிய பங்கனபள்ளி. ருமானி என்ற பெயர் அரபியின் ரும்மானை, அதாவது மாதுளையை, நினைவூட்டுகிறது, பழமும் உருண்டையே. போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் பெயரால் வழங்கும் அல்போன்சாவுக்குத் தமிழ்நாட்டில் காதர் என்றும் ஒரு பெயர் உண்டு. கோவாவில் போர்த்துக்கீசியர் ஒட்டுக்கலையை மாவில் ஊன்றிப் பயன்படுத்தினர். கொய்யா, அன்னாசி, பப்பாளி, சீத்தா ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் காலத்தில் இங்கு வந்தவை. அரபியில் கொய்யாவை ஜவாஃபா என்பர். பழம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கிருந்தே பெயரும் பயணப்பட்டிருக்கிறது.

இனிச் செட்டிநாட்டு வீடுகளுக்கு வருவோம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தோர் எழுப்பிய மாளிகைகளின் தேக்கையும் பளிங்கையும் பற்றி எழுதாதவர் இல்லை. அவ்வீடுகளின் கடைசிக்கட்டைத் தாண்டினால் கிணற்றடியும் கொல்லையும் இருந்தன. மாளிகை இல்லாத வீடுகளிலும், நம் மக்கள் வாழ்ந்த தெருக்களிலும், கொல்லை என்ற ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் நீர் வாழைக்கு. ஒளூச் செய்யும் நீர் மாதுளைக்கோ எலுமிச்சைக்கோ. மாதுளை தமிழர்க்குப் புதிதன்று. அதன் பிஞ்சை வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துச் சமைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. திருமறையில் பேரீச்சையோடும் திராட்சையோடும் பெயர் சொல்லப்பட்ட கனியாதலால் நம் இல்லங்களில் அதற்குத் தனி மதிப்பு.

மாதுளையைப் பெருக்க மிக எளிய வழி போத்து. விரற்கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு, கீழ்முனை கணுவை ஒட்டி அமையுமாறு வெட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்கச் சாய்த்து ஊன்றினால் போதும். தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது. மரம் தன் மேலும் கீழும் மறப்பதில்லை. கொய்யாவுக்குப் போத்து எளிதில் பிடிக்காது, பதியமே ஏற்றது. ஓராண்டு வயதுடைய, எழுதுகோல் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியிலுள்ள வழவழப்பையும் சுரண்டிவிட வேண்டும். சாணமும் செம்மண்ணும் பிசைந்து அப்பி, தேங்காய் நார் சுற்றி, சாக்குத்துணியால் கட்டி, மேலே துளையிட்ட கலயம் ஒன்றைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நனைப்பது பழைய முறை. நெகிழித்தாள் வந்தபின் கலயத்துக்கு வேலையில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் இறங்கிவிடும். இதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். வேரிலிருந்து நீர் மேலே செல்வது உள்மரத்தின் வழியாக. இலை சமைத்த உணவு கீழே இறங்குவது பட்டையின் வழியாக. பட்டை அறுந்ததும் நீர் தடையின்றி ஏறுகிறது; இறங்கிய உணவோ காயத்தின் மேல்விளிம்பில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் ஈரமும் இருளும் கிடைத்தால் அங்கே வேர் பிறக்கிறது.

இக்கலையை வீட்டில் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், உள்சதை சிவந்த கொய்யா மரம் ஒன்று கிணற்றடியில் நின்றது. அவ்வீட்டு நன்னி, பேத்திகளில் யாருக்கு நிக்காஹ் நிச்சயமானாலும் அன்றே ஒரு கிளையில் பதியம் கட்டிவிடுவார். பெண் கணவன் வீடு செல்லும் வேளையில் கன்றும் தயாராக இருக்கும். பின்னர் வீடு பாகம் பிரிந்தது, சுவர் எழுந்தது, கிணறு ஒருவர் பங்குக்கும், மரம் ஒருவர் பங்குக்குமாகச் சென்று, மரம் வெட்டுண்டது. நன்னியும் மறைந்தார். இளையான்குடியில் மணமுடித்துப்போன பேத்தியின் கொல்லையில் அதே மரம் நிற்கிறது. அங்கிருந்து ஒரு பதியம் மீண்டும் இங்கு வந்து, அவ்வீட்டின் மற்றொரு பங்கில் காய்த்துக்கொண்டிருக்கிறது. அதனை அம்மரத்தின் மகள் என்பதா, பேத்தி என்பதா? தாவர நூலாரைக் கேட்டால், அதே மரம் என்பர். விதையிலிருந்து வந்தால்தான் மகள்.

ஆனால் பதியத்துக்கும் போத்துக்கும் ஒரு குறை உண்டு. அவற்றுக்கு ஆணிவேர் கிடையாது; பக்கவேர்கள் மட்டுமே. கொல்லையில் நீர் ஊற்ற ஆள் இருக்கும்வரை கவலையில்லை. வீட்டார் சென்னைக்கோ துபாய்க்கோ சென்று கதவு பூட்டப்பட்டால், இரண்டு கோடையில் மரம் பட்டுவிடும். பூட்டிய வீடுகள் நிறைந்த இந்நாட்டில் கொய்யாவும் மாதுளையும் அருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அண்மைக் காலத்தில் முற்றத்தையும் கொல்லையையும் சிமெண்டால் மூடும் வழக்கம் வேறு. தூய்மை என்று கருதிச் செய்கிறார்கள். மூடிய தரையில் மழைநீர் தெருவுக்கு ஓடுகிறது, கிணறு வற்றுகிறது.

நீரற்ற நிலத்துக்கு ஏற்ற வழி வேறு. காட்டுச்செடியை அதன் இடத்திலேயே முளைக்க வைத்து, ஆணிவேர் சரளையைத் துளைத்துக்கொண்டு இறங்கியபின், அதன்மேல் நல்ல வகையின் மொட்டை ஒட்டவேண்டும். இலந்தைக்கு இதுவே முறை. பனாரசி, கோலா, உம்ரான் என்னும் பெருங்கனி வகைகள் எல்லாம் காட்டு இலந்தையின் வேரில்தான் நிற்கின்றன. கடைவீதியில் கோழிமுட்டைப் பருமனில் விற்கும் இலந்தையை வாங்குவோர், அதன் அடியில் முள் நிறைந்த ஏழைச்செடி ஒன்று நின்று ஊட்டிக்கொண்டிருப்பதை அறியார். அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் மானாவாரி நிலத்துக்குரிய கனிகளில் பணி செய்துள்ளது. சீத்தாவில் ஒரு வகையும் அங்கிருந்து வெளியாயிற்று. செட்டிநாட்டிலேயே மானாவாரி வேளாண்மை ஆய்வு நிலையம் ஒன்று உண்டு.

இங்குதான் காரைக்காட்டின் அழிவு நமக்கு வீட்டுக் கவலையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட சீமைக்கருவேலம், பிறகு இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்டது. விறகும் கரியும் தந்து ஏழைகளைக் காத்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் நிழலில் காரையும் களாவும் முளைப்பது அரிது. அதனை அகற்ற 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, எந்திரங்கள் வந்தன. எந்திரத்துக்குச் சீமைக்கருவேலம் எது, சூரை எது, இலந்தை எது என்று தெரியாது. எஞ்சிய இடங்களில் தைலமரத் தோப்புகள். மீந்தவை வீட்டுமனைகள். காட்டு இலந்தை இல்லாத ஊரில் ஒட்டு இலந்தைக்கு வேர் எங்கிருந்து வரும்? தொலைவிலிருந்து பையில் வரும் கன்றுகளின் ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டு முடங்கியிருக்கும். சரளை மண்ணில் அது முதற்கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு.

ஆதலால் கொல்லையோ மனையின் ஓரமோ உள்ளவர்கள் செய்யத்தக்க சில உண்டு. களா சிறந்த வேலி, ஆடும் நுழையாது. விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும் ஆகையால், நன்கு கறுத்துப் பழுத்த கனியைப் பிசைந்து, கழுவி, சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். நாவலும் அவ்வாறே. களாக்காயின் பாலைப் போக்க, கீறி உப்புநீரில் ஊறவைத்து ஊறுகாய் போடுவர். காரைக்கு விதையே வழி; பழம் பழுத்திருக்கும் இடத்தை அறிய ஆடு மேய்ப்பவர்களைக் கேட்பதே உத்தமம். இலந்தைக் கொட்டையின் ஓடு மிகக் கடியது. உள்விதைக்குச் சேதமில்லாமல் ஓட்டை மெல்ல உடைத்தோ, ஒருநாள் நீரில் ஊறவைத்தோ, மரம் நிலையாக நிற்கவேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்றாக ஊன்றவேண்டும். முளைத்தவற்றுள் வலியதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். ஆண்டு ஒன்று சென்று தண்டு எழுதுகோல் பருமன் அடைந்ததும், தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டைக் கேடய வடிவில் சீவிச் செருகிக் கட்டலாம். மொட்டுப் பிடித்துத் துளிர்த்தபின் அதற்கு மேலுள்ள காட்டுத்தண்டை வெட்டிவிடவேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர்களையும் வருவது வரக் கிள்ளவேண்டும். விட்டால் முள்ளே மீண்டும் மரத்தை ஆளும். கோடையில் இலந்தை தானாக இலை உதிர்த்து உறங்கும். அப்போது கவாத்துச் செய்தால் மழைக்குப் புதுக்கிளை வந்து, அக்கிளையிலேயே பூத்து, மார்கழி தையில் பழுக்கத் தொடங்கும்.